அசையாமல் உட்கார்ந்த ஆறுமணிக் குருவி

முடிச்சூர் ரோட்டில் எங்கள் தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறும்போது காலை மணி நாலு இருபது. ஆவணி முடிய நாலு நாள் பாக்கி. முதல் நாள் ராத்திரி இடியோடு ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. அப்படியும் புழுக்கம் போகவில்லை. என்னோடு வந்தவள் பவானி, என் பக்கத்து வீட்டுக்காரி. மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. தினமும் இந்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள். அன்றைக்கு நானும் கூடக் கிளம்பினேன். என் துணிப்பையில் ஒரு கேமரா, முப்பத்தாறு படம் எடுக்கிற புது ரோல், தண்ணீர் பாட்டில், நாலு இட்லி.

போனது குருவியைப் படம் எடுக்க. அறுபத்தெட்டு வயதில் இதென்ன ஆசை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் நான். பெண்பிள்ளைகளுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, முந்தானை மடிப்பைச் சரி செய்து, தாடையை ஒரு விரலால் நிமிர்த்தி, “அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு விலகுவது என் வேலை. எல்லாருக்கும் நான் டச்சப் அக்கா. முதலாளி டிஜிட்டலுக்கு மாறியபோது பழைய கேமரா ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார். படம் போட்டுக் கொடுக்கிற கவர்களில் எழுதியிருந்த பேர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகியது. ஆனால் படம் எடுக்க எனக்கு எழுத்து வேண்டாம். நான் எடுத்த படம் ஒன்றுகூட ஆடியதில்லை.

எங்கள் நகர் சங்கக் கூடத்தில் வரதராஜன் சார் தான் எடுத்த பறவைப் படங்களை ஒருமுறை மாட்டியிருந்தார். ரிடையர் ஆன கணக்கு வாத்தியார்; முழ நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறார். இந்த மாதங்களில் வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்துகூடக் குருவிகள் ராத்திரி ராத்திரியாகப் பறந்து நம் ஊருக்கு வருகின்றன என்று விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படங்களில் குருவியெல்லாம் கொட்டைப்பாக்கு அளவு, அதில் பாதிக்கு முதுகு. முகமே தெரியவில்லையே சார் என்றேன்.

“உங்க கேமராவுல அதுவும் கிடைக்காதும்மா. குருவி என்ன, ஸ்டூல் போட்டா வந்து உட்காரப்போவுதா?” என்றார்.

பத்துப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நவராத்திரிக்குக் கூடத்தில் கொலு வைக்கும்போது மறுபடி படம் மாட்டுவீர்கள் அல்லவா, நடு ஆணியை எனக்கு விட்டு வையுங்கள், குருவியின் முகத்தைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து பவானியிடம்தான் புலம்பினேன். பறக்காமல் ஓரிடத்தில் உட்காருகிற குருவி உலகத்தில் உண்டா என்று கேட்டேன். அவள் வேலை செய்கிற இடத்தில் உண்டு என்றாள். இந்த சீசனில் கலர் கலராக வந்து வாசலில் உட்காருமாம். கிட்டே போனாலும் பறக்காதாம், கையிலேயே எடுக்கலாமாம். ஒரு குருவியின் நிறங்களை அவள் சொல்லச் சொல்ல, அது சார் கூடத்தில் வர்ணித்த ஆறுமணிக் குருவி என்று தெரிந்துவிட்டது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு சுரமாக விசிலடிக்கும். அதனால் அந்தப் பேர். வரதராஜன் சார் மூன்று வருஷமாகத் தேடி, குரலை மட்டும் கேட்டிருக்கிற குருவி அது.

நாலு நாற்பதுக்குத் தாம்பரம். ஆட்டோவுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, கிழக்குப் பக்கம் போய்ச் சோழிங்கநல்லூர் பஸ்ஸில் உட்கார்ந்தோம். டிக்கெட் ஆறு ரூபாய். நாங்கள் இறங்கவேண்டிய இடம் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். அந்த நேரத்திலேயே பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் ஆகிவிட்டது. பாதிப் பேர் பவானி மாதிரிக் கூட்டுகிற வேலைக்காரர்கள், மீதி செக்யூரிட்டிகள். கடற்கரைக் குப்பத்துக்கு மீன் எடுக்கப் போகிற ஒரு அம்மாள் காலி அலுமினிய அன்னக்கூடைகளோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கேமராவை எடுத்து லென்ஸைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“இன்னாக்கா, எங்கனா கண்ணாலமா?”

குருவியைப் படம் எடுக்கப் போகிறேன் என்றேன்.

“குருவியா? படம் புடிச்சி இன்னா பண்ணுவ, கொழம்பு வெப்பியா?”

“உன் மீன் சாயங்காலத்துக்குள்ள நாறிடும். என் படம் நாறாது” என்றேன்.

முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவள் அன்னக்கூடையைக் காலடிக்கு நகர்த்தி எனக்குக் கால் நீட்ட இடம் விட்டாள். “நல்லா நாக்கு கீதுக்கா உனக்கு” என்றாள்.

சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், சந்தோஷபுரம் என்று பஸ் ஓடியது. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் டீக்கடைகள் திறந்திருந்தன. அதற்கப்புறம் ரோட்டுக்கு ஒரு பக்கம் ஏரியும் சதுப்பும், மறுபக்கம் மனைக்கல் நட்ட நிலம். இருட்டு லேசாகக் கரைந்துகொண்டிருந்தது. ஐந்து இருபத்தைந்துக்கு இறங்கினோம்.

இறங்கினதும் எதிரே பார்த்து நின்றுவிட்டேன். எட்டு மாடி. செங்கல் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி. எல்லா மாடியிலும் விளக்கு எரிகிறது. உள்ளே ஒரு ஆளும் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒரு மாசத்துக்கு ஆகிற வெளிச்சம், யாருக்கும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கருவேலமும் பனையும் புதருமாக ஒரு காடு. கட்டடத்தின் பேரை நான் சொல்லவில்லை. பவானி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

கேட்டில் ஒரு போர்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: புகைப்படம் எடுக்கக் கூடாது. பவானி என் கேமராவை வாங்கித் தன் பக்கெட்டுக்குள் வைத்து, மேலே துடைப்புத் துணியைப் போட்டாள். அவளுடைய இன்னொரு நீலக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டாள். நான் வாழ்க்கையில் கூட்டுகிற கோட்டுப் போட்டதில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டேன். செக்யூரிட்டி அண்ணனிடம், லீவு எடுத்த பெண்ணுக்குப் பதிலாக வந்த ஆள் என்றாள். அவர் என் வயதைப் பார்த்துவிட்டு, பக்கெட்டைத் தூக்காதேம்மா, தள்ளிக்கொண்டு போ என்றார்.

பக்கவாட்டில் நடந்தோம். அங்கே விளக்கு இல்லை. எனக்கு எதிரே நீலக் கோட்டுப் போட்ட ஒரு கிழவி வந்தாள். வழி விடுவாள் என்று நினைத்தேன், விடவில்லை. நான் இடதுபக்கம் ஒதுங்கினேன், அவளும் அதே பக்கம் ஒதுங்கினாள். நெற்றி சில்லென்று கண்ணாடியில் பட்ட பிறகுதான் நானே என்று தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் கண்ணாடி முன்னால் நின்றவள் நான். பவானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உனக்கே இப்டின்னா,” என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்து நாற்பது. பின்பக்க வாசல் படியில் அது உட்கார்ந்திருந்தது.

மைனாவைவிடச் சின்னது. முதுகு பச்சை, தோளில் ஒரு நீலத் திட்டு, வயிறு சந்தனம், வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. ஒரு உயிர்மேல் இத்தனை சாயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கேமராவைக் கேட்டு வாங்கினேன். பத்தடியில் ஒன்று எடுத்தேன். ஃப்ளாஷ் அடித்தது, அது பறக்கவில்லை. ஐந்தடியில் இரண்டு. அப்புறம் படியிலேயே உட்கார்ந்து, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கேமராவை வைத்தேன். முகம் முழுக்க வந்தது. மூக்கு லேசாகத் திறந்திருந்தது.

என் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சருகை எடுத்துப் போட்டேன். தோளில் ஒரு இறகு பிரிந்து நின்றது. விரல் நுனியில் எச்சில் தொட்டு அதை ஒதுக்கிவிட்டேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தாடைக்குக் கீழே ஒரு விரல் கொடுத்து நிமிர்த்தினேன். “அசையாதே” என்றேன். அசையவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணப் பெண்கள்கூட எனக்கு இப்படி உட்கார்ந்ததில்லை. பதினோரு படம் எடுத்தேன். வரதராஜன் சார் முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொன்றையும் எடுத்தேன்.

பதினோராவது படம் எடுத்துக் கேமராவை இறக்கியபோது வானம் வெளுத்துவிட்டது. கண்ணாடியில் இப்போது அந்தக் காடு முழுவதும் தெரிந்தது. பனை, கருவேலம், மேகம், எல்லாம். நிஜக் காட்டைவிடத் தெளிவாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மஞ்சளாக ஒன்று கிளம்பியது. மாங்குயில். என் தலைக்கு மேலே, அடுத்த மரத்துக்குப் போகிற மாதிரி நேராக, அவசரமில்லாமல் போனது.

கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரு சத்தம்.

மாங்குயில் என் காலடியில் வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியில் அது பட்ட இடத்தில் ஒரு அச்சு இருந்தது. இரண்டு சிறகு விரித்தபடி, நடுவில் நெஞ்சு, மேலே தலை. பவுடர் பஃப்பை அழுத்தி எடுத்தது போல, தூளாலேயே ஒரு குருவி.

பவானி வாளியை வைத்துவிட்டு வந்தாள். மாங்குயிலைக் கழுத்தோடு எடுத்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்து, “போய்டுச்சி” என்று ஓரமாக வைத்தாள்.

“இதுவும் இப்படித்தானா?” என்று படியில் இருந்ததைக் காட்டிக் கேட்டேன்.

“ஆமாக்கா. நாம வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிகினு கீது.”

“ஏன்டி சொல்லல?”

“நீ அத்த கேக்கலியே. பறக்காத குருவி கீதான்னு கேட்ட. கீதுன்னேன்.”

அவள்மேல் தப்பு இல்லை. தப்பு என் கண்மேல். ஸ்டூடியோ வேலையில் இன்னொன்றும் உண்டு. படமே எடுத்துக்கொள்ளாமல் ஒருவர் இறந்துவிட்டால், முதலாளியையும் என்னையும் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். நான் தலை வாரி, நெற்றிக்கு இட்டு, தாடைக்குக் கீழே சுருட்டிய துண்டு கொடுத்து நிமிர்த்துவேன். கண் திறந்திருந்தாலும் பார்வை எதன்மேலும் நிற்காது. எத்தனை வீடுகளில் பார்த்த கண் அது. கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை தரம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. உயிருக்கு இழுத்துக்கொண்டிருந்ததைப் போய் நான் அசையாதே என்று அதட்டியிருக்கிறேன்.

அங்கே நடக்கிறதைப் பவானி வேலை செய்துகொண்டே சொன்னாள். மழை பெய்த ராத்திரிக்கு மறுநாள் நிறைய விழுமாம். ஆறரைக்கு சூப்பர்வைசர் வருவார். அதற்குள் உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், கண்ணாடியில் அச்சு இருக்கக் கூடாது, ஆபீசர்கள் பார்த்தால் மனசு சங்கடப்படுவார்கள் என்பது அவர் உத்தரவு. பவானியும் அவளோடு வேலை செய்கிற இரண்டு பெண்களும் அதில் பாதியைத்தான் கேட்கிறார்கள். ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஓட்டை போட்டு. மூச்சு இருப்பதை அதில் வைத்து மூடுவார்கள். இருட்டில் மயக்கம் தெளிந்து சிறகடித்தால், வேலி ஓரமாகப் போய்த் திறந்துவிடுவார்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நான் அன்றைக்கு அதே இடத்தில் ஃப்ளாஷ் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமராவை அவளிடமே கொடுத்து மறுபடி வாளிக்குள் வைக்கச் சொன்னேன். ரோலில் இருபத்தைந்து படம் பாக்கி இருந்தது. எடுக்கவில்லை.

ஆறுமணிக் குருவியை நானே இரண்டு கையாலும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சூடு இருந்தது. என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு ஓடுவது தையல் மிஷின் ஓடுவதுபோல் தெரிந்தது. மூடியைச் சாத்தி, அங்கே கிடந்த இன்னொரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். இட்லியைத் திறக்கத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து சிறகடிக்கிற சத்தம் வருமா என்று அட்டையில் காதை வைத்தபடி இருந்தேன்.

மணி ஆறு. வேலிக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரம் கேட்டது. விசில். கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. கூட வந்தவை போலிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு அசைவு கேட்டது. மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். ஆறுமணிக் குருவி கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி புதரிலிருந்து கூப்பிட்டது. இது கூப்பிடவில்லை.

ஆறு பத்துக்குப் பவானி வந்து பெட்டியைத் திறந்தாள். அதில் ஏற்கெனவே இருந்த சாம்பல் நிற வாலாட்டிக் குருவி ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு வேலிப்பக்கம் பறந்தது. ஆறுமணிக் குருவியை அவள் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குரோட்டன்ஸ் செடி ஓரத்தில் குப்பை அள்ளுகிற முறத்தின் விளிம்பால் மண்ணைப் பறித்தாள். நான் வைத்தேன். பக்கத்து மண்ணெல்லாம் ஏற்கெனவே கிளறின மண்ணாகத்தான் இருந்தது.

அப்புறம் நீளக் கம்பில் மாட்டின வைப்பரை எடுத்து, சோப்புத் தண்ணீரில் தோய்த்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். மாங்குயிலின் சிறகும் நெஞ்சும் போயின. கண்ணாடியில் காடு மறுபடி சுத்தமாகத் தெரிந்தது.

ஆறு இருபத்தைந்துக்குப் பவானி கேமராவை என் பைக்குள் போட்டு மேலே துண்டால் மூடினாள். கேட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அதற்குள் முடிந்ததா என்று செக்யூரிட்டி அண்ணன் கேட்டார். முடியவில்லை, உடம்புக்கு ஆகவில்லை என்றேன். பொய் இல்லை. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போகும்போது இருட்டில் தெரியாமல் போனது இப்போது தெரிந்தது. அந்த ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் அது ஒன்று மட்டும் இல்லை. சாரம் கட்டின கட்டடங்கள், அவற்றில் லாரியிலிருந்து இறங்குகிற கண்ணாடிப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். மேடவாக்கம் வரும்வரை நான் வேறெதையும் பார்க்கவில்லை. வீடு சேரும்போது எட்டேகால்.

ரோலைக் கழுவவே எனக்கு மனசில்லை. இரண்டு வாரம் பீரோவில் கிடந்தது. பிறகு பிரிண்ட் போட்டேன், ஒன்று நாலு ரூபாய். பதினோரு படமும் ஆடாமல் வந்திருந்தன. ஏழாவது படத்தில் முகம் அப்படியே இருந்தது, மையிட்ட கண்ணும் திறந்த மூக்குமாக. வரதராஜன் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை முகத்தருகே வைத்துப் பார்த்தார். எப்படி எடுத்தீர்கள் என்று மூன்று தரம் கேட்டார். எங்கே, எத்தனை அடி, எத்தனை நேரம் காத்திருந்தீர்கள் என்றார். நான் மற்றப் படங்களைக் கவருக்குள் வைத்தேன். அவர் அன்று கேலி செய்ததற்குத் தானாகவே மன்னிப்புக் கேட்டார். நடு ஆணி உங்களுக்குத்தான், பெரிசு பண்ணி ஃப்ரேம் போடுங்கள் என்றார். ஆவணியில் நான் என்ன கேட்டேனோ அது அப்படியே கிடைத்தது.

ஃப்ரேம் போட்டு வாங்கி வந்த அன்று ராத்திரி வீட்டில் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி படத்துக்கு நாம் கண்ணாடிமேல் பொட்டு வைக்கிறோம், இறந்தவர் படத்துக்கும் வைக்கிறோம். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு வைப்பதில்லை, வைத்தால் பதறிவிடுவார்கள். ஸ்டூடியோவில் யாராவது கைதவறிச் சிவப்பு மையைப் படத்தின்மேல் சிந்திவிட்டால்கூட அதைக் கொடுக்கமாட்டோம், புதிதாகப் போடுவோம். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன், கண்ணாடியில், குருவியின் நெற்றிக்கு நேராக.

நவராத்திரி முதல் நாள் மாலை ஐந்தரைக்குக் கூடத்துக்குக் கொண்டு போனேன். கொலுப்படி ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம். வரதராஜன் சார் மஞ்சள் துணியால் ஒவ்வொரு ஃப்ரேமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பிரித்தேன். அவர் முகம் மாறியது. நான் நினைத்துப் பார்த்த மாதிரி இல்லை.

நடந்ததைச் சொன்னேன், கட்டடத்தின் பேரும் பவானியின் பேரும் தவிர. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்கிற குரலில்தான் சொன்னார்.

“அம்மா, கொலு நாளும் அதுவுமா… எல்லாரும் வருவாங்க. அருமையான படம். அந்தப் பொட்டை மட்டும் தொடைச்சிடலாமே? யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

“அங்கயும் தினம் அதைத்தான் சார் பண்றாங்க” என்றேன். “ஆறரைக்குள்ள.”

அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படத்தை என்னிடமிருந்து வாங்கி, நடு ஆணியில் அவரே மாட்டினார்.

சுண்டல் வாங்க முதலில் வந்தது நாலாவது தெருப் பெண் ஒருத்தி, புதுப் பட்டுப் புடவை சலசலக்க. மயிலும் மீன்கொத்தியும் பார்த்துக்கொண்டே வந்தவள் நடுவில் வந்ததும் நின்றாள். பொட்டைப் பார்த்தாள். துக்கம் கேட்கிற வீட்டில் பேசுவது போலத் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“எப்போ?”

“ஆவணி கடைசியில” என்றேன். “காலையில, ஆறு மணிக்கு மேல.”